போனில் வருகிறது, கொம்பியூட்டரில் வரவில்லை: வீட்டுக் கமராவின் படம் எங்கே நிற்கிறது?

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், சுண்ணாகம், நல்லூர் என்று எந்த ஒழுங்கைக்குள் போனாலும் கேற்றுக்கு மேலே ஒரு கமரா கண்ணில் படுகிறது. வீட்டில் இருப்பது அம்மாவோ பெரியம்மாவோ. படத்தைப் பார்ப்பது ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள். கமரா பொருத்திய தம்பி எல்லோருக்கும் ஒரே முகவரியையும் ஒரே பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

குழப்பம் அதற்குப் பிறகுதான். வீட்டிலுள்ள பழைய மேசைக் கணினியில் படம் வருகிறது. புது லப்டொப்பில் லொகின் பக்கம் வருகிறது, உள்ளே போனால் கறுப்புச் சதுரம். கனடாவில் பக்கமே திறக்கவில்லை. "தம்பி, போனிலை வடிவா வருது, கொம்பியூட்டரிலைதான் வருகுதில்லை" என்று பொருத்தியவருக்கு அழைப்புப் போகிறது. அவரும் வந்து கமராவைத் துடைத்து, வயரை ஆட்டிப் பார்த்து, பெட்டியை ஒருமுறை நிற்பாட்டிப் போட்டுவிட்டுப் போகிறார். போனில் படம் வருகிறதென்றால் கமராவும் வயரும் நன்றாகத்தான் இருக்கின்றன. பிழையை வேறு இடத்தில் தேட வேண்டும்.

டிவிஆர் என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்னக் கணினி. பெரும்பாலும் லினக்ஸில் ஓடும். கமராக்கள் தரும் படத்தைச் சுருக்கி ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது அதன் முதல் வேலை. அதற்குள்ளேயே, கேட்பவருக்குப் பக்கங்களை அனுப்பும் ஒரு குட்டி வெப் சேர்வரும் ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரில் முகவரியைத் தட்டும்போது அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு வேறு வேறு விடயங்கள் நமக்கு வந்து சேர வேண்டும். ஒன்று, எழுத்தும் பொத்தான்களும் உள்ள பக்கம். இது எந்தப் பிரவுசருக்கும் புரியும். மற்றது, ஓடும் படம். இதைப் பெட்டி பெரும்பாலும் ஆர்டிஎஸ்பி என்ற முறையிலோ, தயாரித்த நிறுவனத்தின் சொந்த முறையிலோ அனுப்புகிறது. குரோமுக்கோ பயர்பொக்சுக்கோ ஆர்டிஎஸ்பி தெரியாது.

ஆகவே யார் அழைத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: லொகின் பக்கம் வருகிறதா? வருகிறது என்றால் வீடு வரைக்குமான வழி சரி, கோளாறு அந்தக் கணினியில் அல்லது பிரவுசரில். பக்கமே வரவில்லை என்றால் பெரும்பாலும் வழியில் தடை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் மணிக்கணக்காகத் தவறான இடத்தில் தேடுபவர்களே அதிகம்.

பக்கம் வந்து படம் வராத கதையை முதலில் பார்ப்போம். பிரவுசருக்குத் தெரியாத முறையில் வரும் படத்தைக் காட்ட, தயாரிப்பாளர்கள் பிளக்-இன் என்ற துணை நிரலை நம் கணினிக்குள் இறக்கினார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஆக்டிவ்எக்ஸ், மற்றப் பிரவுசர்களுக்கு என்பிஏபிஐ. இரண்டுமே 1990களில் பிறந்தவை. அப்படி உள்ளே வந்த நிரல், கணினியின் சொந்தக்காரர் செய்யக்கூடிய எதையும் செய்யலாம்: கோப்புகளைத் திறக்கலாம், அழிக்கலாம், வேறு நிரலை ஓட்டலாம். கமராப் படத்தைக் காட்ட வந்த அதே வாசலால் வைரஸ்களும் வந்தன.

அதனால் அந்த வாசல் ஒவ்வொன்றாக மூடப்பட்டது. 2015 செப்டெம்பரில் வந்த குரோம் 45, என்பிஏபிஐ வசதியை முழுதாக எடுத்துவிட்டது. 2017 மார்ச்சில் பயர்பொக்ஸ் 52, பிளாஷ் என்ற பிளக்-இன் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தியது. பிளாஷுக்கான ஆதரவும் 2020 டிசெம்பர் 31உடன் முடிந்தது. 2022 ஜூன் 15இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கு மைக்ரோசொப்ட் விடை கொடுத்தது. விண்டோஸ் 11இல் அது தனிப் பிரவுசராக இல்லவே இல்லை. ஆனால் 2014இல் சுவரில் பூட்டிய டிவிஆருக்கு இது எதுவும் தெரியாது. அது இன்னமும் "பிளக்-இன்னை இறக்கி நிறுவவும்" என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாமும் இறக்குகிறோம், நிறுவுகிறோம், பக்கத்தைத் திரும்பத் திறக்கிறோம். அதே வரி மறுபடியும் வருகிறது. பிளக்-இன் கணினியில் இருக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளும் இடம்தான் பிரவுசரில் இல்லை.

இந்த நிலையைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. திரும்பும் கமரா உள்ள வீடென்றால், கறுப்புச் சதுரத்துக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்திவிட்டு, முற்றத்தில் நிற்பவரைக் கமராவைப் பார்க்கச் சொல்லுங்கள். சில மாதிரிகளில் கமரா சொன்ன பக்கம் திரும்பும். நம் கட்டளை பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது, படம் மட்டும்தான் இங்கே விரியவில்லை.

மருந்து உண்டு. விண்டோஸ் கணினியில் எட்ஜ் பிரவுசரைத் திறந்து, அமைப்புகளில் 'இயல்புப் பிரவுசர்' பகுதிக்குப் போய், பக்கங்களை எக்ஸ்புளோரர் பயன்முறையில் திறக்க அனுமதியுங்கள். பிறகு டிவிஆரின் முகவரியை அந்தப் பட்டியலில் சேர்த்தால் ஆக்டிவ்எக்ஸ் வேலை செய்யும். பட்டியலில் சேர்த்த முகவரி 30 நாளில் காலாவதியாகிவிடும். "போன மாதம் வந்தது, இப்போது வரவில்லை" என்ற முறைப்பாடு பலருக்கு வருவது இதனால்தான். திரும்பச் சேர்த்தால் சரி. 2029 வரையாவது இந்தப் பயன்முறையை வைத்திருப்பதாக மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. மக் கணினியில் இந்த வழி இல்லை, ஆக்டிவ்எக்ஸ் விண்டோஸோடு ஒட்டிப் பிறந்தது. எந்தக் கணினியானாலும், தயாரிப்பாளர் தரும் கணினி மென்பொருளை நிறுவிக்கொள்வதுதான் என் பார்வையில் நல்ல வழி. படத்தை விரிக்கத் தேவையானதை அது தன்னோடு கொண்டுவரும். கமரா பார்ப்பதற்காகவே புதுப்பிக்கப்படாத விண்டோஸ் 7 கணினியை வைத்திருப்பவர்கள், தயவு செய்து அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

புது டிவிஆர்கள் பல பிளக்-இன் கேட்பதில்லை. அவற்றிலும் கறுப்புச் சதுரம் வரும், காரணம் வேறு. படத்தைச் சுருக்கும் முறைகளில் எச்.264 என்பது 2003இல் வந்தது, எல்லாப் பிரவுசருக்கும் பழக்கம். 2013இல் வந்த எச்.265, அதே தரத்தை ஏறக்குறையப் பாதி அளவில் தருகிறது. ஹார்ட் டிஸ்க்கில் கூடுதல் நாட்கள் பதியலாம் என்பதால் பொருத்துபவர்கள் இதையே போட்டுவிடுகிறார்கள். குரோமோ 2022 ஒக்டோபரில்தான் எச்.265ஐ ஏற்கத் தொடங்கியது, அதுவும் கணினியின் கிராபிக்ஸ் சிப் அதை விரிக்க வல்லதாக இருந்தால். அண்ணாவின் லப்டொப்பில் தெரிவது அக்காவின் லப்டொப்பில் தெரியாமல் போவது இப்படித்தான். இரண்டிலும் ஒரே குரோம், உள்ளே இருக்கும் சிப் வேறு.

இதைச் சரிசெய்யப் பதிவைக் கெடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கமராவுக்கும் பெட்டி இரண்டு ஓட்டங்களை வைத்திருக்கிறது: பதிவதற்குப் பெரியது, தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சின்னது. பெரியதை எச்.265இலேயே விட்டுவிட்டுச் சின்னதை எச்.264க்கு மாற்றுங்கள். பிரவுசரில் சின்ன ஓட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். வீட்டிலிருந்து வெளியே போகும் இணைய வேகம் குறைந்த இடங்களுக்கும் இதுவே பொருத்தம்.

ஒரே கணினியில் ஒரு பிரவுசரில் வந்து இன்னொன்றில் வராவிட்டால், மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே வந்தால் பழைய தற்காலிகக் கோப்போ, பிரவுசரில் சேர்த்த ஏதோ ஒரு நீட்சியோதான் குறுக்கே நிற்கிறது. பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டையும் கவனியுங்கள். சில பெட்டிகள் ஐந்தாறு தடவை தவறினால் அரை மணித்தியாலம் வரை கதவைப் பூட்டிவிடும்.

சரி, பக்கமே வரவில்லை என்றால்? முதலில் முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் அது வீட்டு வலைக்குள் மட்டும் செல்லும். கனடாவில் இருப்பவர் அதைத் தட்டினால் அவருடைய வீட்டுக்குள்ளேதான் தேடும். வீட்டுக்குள் இருந்தும் வரவில்லை என்றால், கரண்ட் போய் வந்த பிறகு ரவுட்டர் டிவிஆருக்குப் புது முகவரி எண்ணைக் கொடுத்திருக்கலாம். ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கென்று ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

வெளியிலிருந்து வருவதுதான் சிக்கல். ஐபிவி4 என்ற பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. நம் ஆசியப் பகுதிக்குரிய கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் 4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி. ஒழுங்கை முழுவதற்கும் ஒரே விலாசம் போல. உள்ளேயிருந்து யாரும் வெளியே கடிதம் போடலாம், பதிலும் வரும். ஆனால் வெளியிலிருந்து முதன்முதலாக வரும் கடிதத்தை எந்த வீட்டுக்குக் கொடுப்பதென்று தெரியாது. உங்கள் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியையும், 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளங்களில் வரும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறென்றால், அல்லது ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால், நீங்கள் அந்த ஒழுங்கையில்தான் இருக்கிறீர்கள். ரவுட்டரில் எத்தனை போர்ட் (வெளியிலிருந்து வருவதை உள்ளே விடும் எண்ணிட்ட வாசல்) திறந்தாலும் பயன் இல்லை.

தனி முகவரி இருந்தாலும் இன்னொரு மயக்கம் உண்டு. வீட்டு வை-பையில் இருந்துகொண்டு வீட்டின் பொது முகவரியைத் தட்டினால் பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே விடாது. வை-பையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் பார்த்தால் உடனே வரும்.

அப்படியானால் போன் செயலியில் மட்டும் எப்படி வருகிறது? அங்கே வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்டுவதில்லை. டிவிஆர் தானாகவே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சேர்வரோடு தொடர்பைத் திறந்து வைத்திருக்கிறது. போனும் அங்கேயே போகிறது. சேர்வர் இரண்டையும் அறிமுகப்படுத்தி நேரடியாகப் பேசவிடும். முடியாவிட்டால் படத்தைத் தன் வழியாகவே கடத்தும். தயாரிப்பாளரின் கணினி மென்பொருளிலும் பெரும்பாலும் இந்த வசதி இருக்கும்.

பிரவுசருக்காக ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்திருக்கும் வீடுகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாத டிவிஆர்களையும் கமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஒக்டோபர் 21ஆம் திகதி அவற்றை ஒன்றாக ஏவியதில் டுவிட்டரும் நெற்பிளிக்சும் பல மணி நேரம் தடுமாறின. 2021இல் ஹிக்விஷன் என்ற கமரா நிறுவனத்தின் கருவிகள் பலவற்றில், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை வெளியானது. திறந்த போர்ட் என்றால் உலகத்தில் யாரும் அந்த லொகின் பக்கத்துக்கு வரலாம். தனியே இருக்கும் அம்மாவின் வீட்டு விறாந்தைப் படம் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. போர்ட்டை மூடிவிட்டுச் செயலியையோ, வயர்கார்ட் போன்ற விபிஎன்னையோ (இணையத்தினூடே வீட்டுக்குப் போகும் பூட்டிய தனி வழி) பயன்படுத்துங்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

பிரவுசர் "இணைப்புப் பாதுகாப்பற்றது" என்று எச்சரித்தால் காரணம் பெரும்பாலும் சான்றிதழ்: தளம் இன்னார்தான் என்று உறுதிசெய்யும் அதை, வெளியார் தராமல் பெட்டி தானே எழுதிக்கொண்டிருக்கும். பழைய பெட்டிகளில் இன்னொன்று: டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய குறியாக்கங்களைக் குரோமும் பயர்பொக்சும் 2020இல் நிறுத்திவிட்டன, ஆகவே வழி சரியாக இருந்தும் பக்கம் திறக்காது.

மூன்றாவது காரணம் மணிக்கூடு. பெட்டிக்குள் இருக்கும் சின்ன பற்றரி செத்துவிட்டால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் திகதி 1970க்கோ 2000க்கோ ஓடிவிடும். அந்தத் திகதியோடு பெட்டி புதுச் சான்றிதழ் எழுதினால், பிரவுசருக்கு அது காலாவதியானதாகத் தெரியலாம். அதைவிடப் பெரிய நட்டம் பதிவில்தான். களவு போன அடுத்த நாள் பொலிசார் வந்து நேற்றிரவுப் படத்தைக் கேட்டால், அது 2000ஆம் ஆண்டு ஜனவரியில் கிடக்கும். நேர வலயத்தை +5:30 என்று வைத்து, இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். பற்றரியையும் மாற்றுங்கள். அடுத்த முறை படத்தைத் திறக்கும்போது மூலையிலுள்ள திகதியையும் நேரத்தையும் கையிலிருக்கும் போனோடு ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கள்.