வயது இடிக்கிறது என்று ஆளையே மாற்றிவிடாதீர்கள்

வம்சாவளி தேடுகிறவர் ஒருவர் இந்த வாரமும் அதே கோளாறோடு வந்தார். இங்கிலாந்துக் கிராமத்துப் பண்ணைக் கூலியான அவருடைய மூதாதைக்கு 1841 சென்சஸில் வயது 25, 1851-இல் 39. "பத்து வருஷத்தில் பதினாலு வயது கூடுமா?" என்று அவரை ஒதுக்கிவிட்டு, 1851-இல் சரியாக 35 வயதிருந்த வேறொருவரைக் குடும்ப மரத்தில் ஏற்றிவிட்டார். அந்த ஆளோ அப்போது மணமாகாதவர் என்றே பதிவாகியிருக்கிறார்! நம்மவருக்கு அதற்குள் நாலு பிள்ளைகள்.

1841-இல் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 29 என்றால் 25. எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் அதைக் கேட்டு நடக்கவில்லை என்பது தனிக் கூத்து. அடுத்தடுத்த சென்சஸ்களிலும் வயது என்பது வீட்டுக்காரர் சொன்னதுதான். யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. 1901 வரை நாம் பார்ப்பதும் பெரும்பாலும் வீட்டில் நிரப்பிய படிவம் அல்ல, அதைப் பார்த்துப் பேரேட்டில் எழுதிய நகல். அதன்மேல் கூட்டிக் கணக்குப் போட்ட குமாஸ்தாக்களின் கோடுகள் வேறு. 3 எது, 8 எது என்று தெரியாமல் நானே பூதக்கண்ணாடியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இரண்டு மூன்று வயது வித்தியாசத்துக்கெல்லாம் தயவுசெய்து பதறாதீர்கள். பெயர் எழுத்து மாறுவதும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள்.

பிறகு எதை வைத்து உறுதி செய்வது? கல்யாணப் பதிவை வைத்து. 1837 ஜூலை முதல் இங்கிலாந்து, வேல்ஸில் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் அதில் வரும். வயதுக் கட்டத்தில் 'முழு வயது' என்று மட்டும் இருந்தால் 21 நிரம்பியவர் என்று பொருள், அவ்வளவுதான். தந்தை பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம்; தகப்பன் பெயர் தெரியாதவர்கள் கௌரவத்துக்காக ஒரு பெயரைச் சொன்னதும் உண்டு. கைநாட்டுக்குக் கீழே சாட்சிகளைப் பாருங்கள், பல நேரம் அண்ணனோ தங்கையோ இருப்பார்கள். அவர்களை முந்தைய சென்சஸில் அதே வீட்டில் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

பதிவுகளின் பெயர் அட்டவணையில் ஆளைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள், பதிவின் நகலை வாங்குங்கள். இணையத்தில் யாரோ போட்ட மரத்தை ஒட்டிக்கொள்ளாதீர்கள். 1911 வரை உயிரோடிருந்த தம்பதி என்றால் அந்த ஆண்டு சென்சஸ் படிவத்தை விடவே கூடாது: மணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, இறந்தது எத்தனை என்று வீட்டுக்காரர் எழுதியது அப்படியே இருக்கிறது. 1931 சென்சஸை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது 1942-இல் தீயில் போய்விட்டது.