அம்மம்மா வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒரு கட்டளைத் தாள்

பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையின் அடியில் 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்' என்று ஒரு கோடு இருக்கும். கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளை, அந்தத் தாளைச் சித்தியிடம் நீட்டும்போது ஒரு கணம் தயங்கும். கையெழுத்தை யாரும் போட்டுவிடலாம். பிள்ளையின் பொறுப்பு சட்டப்படி யாருடையது என்பதுதான் கேள்வி.

2020 மார்ச் முதல் 14 மாதங்களில் மட்டும், உலகம் முழுக்க 15 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரையோ கூட இருந்து பார்த்துக்கொண்ட தாத்தா பாட்டியையோ இழந்தார்கள் என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. தாயை விடத் தகப்பனை இழந்தவர்களே அதிகம். தாய் இருந்தால் பிள்ளையின் பாதுகாவலர் அவர்தான். சிக்கல் பெரும்பாலும் வருமானத்தில்தான்.

இருவருமே இல்லையென்றால், இலங்கையில் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், வளர்ப்பவரிடம் பிள்ளையைத் 'தகுந்த ஆள்' என்ற பெயரில் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். இது தத்தெடுப்பு அல்ல. தத்தெடுப்புக்கு 1941ஆம் ஆண்டின் வேறு சட்டம். அம்மம்மாவுக்குப் பேரனைத் தத்தெடுக்க வேண்டிய அவசியமில்லை, நீதிமன்றத்தின் இந்தக் கட்டளை போதும்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருப்பவர் என்றால் முதலில் கிராம சேவகரைப் பாருங்கள். அப்புறம் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். சிறுவர் வழக்குகளைக் கவனிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போக அவர் வழிகாட்டுவார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் மரணச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். ஒரு போட்டோப் பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணவிஷயத்தில் நம் ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான். இறந்தவர் கடையிலோ கம்பெனியிலோ வேலை செய்தவரென்றால், சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதியில் சேர்ந்திருக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்டியிருக்க வேண்டும். வாரிசு கேட்காமல் அது வீட்டுக்கு வராது. அரச ஊழியரென்றால் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்தைக் கேளுங்கள்.

'செவன சரண' என்ற சிறுவர் உதவித் திட்டத்தின் பெயரைக் கேட்டு, பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கும், நன்கொடையாளர் படிப்புக்கு உதவுவார்.

வறுமை என்பதற்காக மட்டும் பிள்ளையை இல்லத்தில் விட அவசரப்படாதீர்கள். வழக்குச் செலவுக்குப் பயமென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிள்ளைக்கு வீட்டில் அடி உதை என்றால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.