சோறு இருக்க மண் கேட்கும் வாய்

உன் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டுத் தின்றால் உண்டு, பகைவரால் தின்ன முடியாது என்று ஒரு சேர மன்னனைப் புகழ்கிறார் குறுங்கோழியூர் கிழார். புறநானூற்றின் 20ஆம் பாட்டு அது. மசக்கைக்காரி மண் தின்பது அன்றைக்கே ஊரறிந்த விஷயமாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரி சபையில் எடுபட்டிருக்காது.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்றைக்கும் இது புதினமில்லை. லயத்துச் சுவரைச் சுரண்டி வாயில் போடும் பிள்ளை, வேகாத அரிசியை மடியில் முடிந்துகொண்டு கொழுந்து மலைக்குப் போகும் பெண், யாரும் பார்க்காத நேரத்தில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு நக்குபவர். கேட்டால் "வாய் கேக்குது" என்பார்கள். மாசமாக இருப்பவள் என்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விடுவோம். பிள்ளை என்றால் முதுகில் இரண்டு விழும்.

மருத்துவம் இதைப் பிக்கா என்கிறது. சத்தில்லாத, உணவல்லாத பொருளை ஒரு மாதமாவது தொடர்ந்து தின்றால் அந்தப் பெயர் வரும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை எதையும் வாயில் வைக்கும், அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அரிசி உணவுதானே என்று கேட்கலாம். கண்டிப்பாகப் பார்த்தால் அரிசி இந்த வரையறைக்குள் வராதுதான். ஆனால் ஒருவர் அரிசியையோ ஐஸ்கட்டியையோ ஓயாமல் மெல்லுகிறார் என்றால் டொக்டருக்கு வரும் முதல் சந்தேகம் ஒன்றே: இரத்தத்தில் இரும்பு போதுமா?

இரும்பு இரத்தச் சிவப்புக்கு மட்டும் வேண்டியதில்லை. டோபமின் என்ற மூளை இரசாயனத்தை உண்டாக்கும் நொதியம் வேலை செய்யவும் அது தேவை. ஆசையையும் திருப்தியையும் ஆளும் இரசாயனங்களில் டோபமின் முக்கியமானது. இரும்பு குறைந்தால் அந்த ஏற்பாடு தடம் மாறி, விசித்திரமான பொருள்மேல் ஆசை வருகிறது என்பது ஒரு விளக்கம். இதற்கு வலுச் சேர்க்கும் ஒரு விஷயம் உண்டு. இரும்பு மாத்திரை தொடங்கிய பலருக்கு, ஹீமோகுளோபின் அளவு ஏறுவதற்கு முன்பே ஐஸ்கட்டி ஆசை போய்விடுகிறது. மண்ணிலும் இரும்பு இருக்கிறதே, உடம்பு அதைத்தான் தேடுகிறதோ என்றும் தோன்றும். ஆனால் பலவகைக் களிமண் குடலில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கிறது. தின்னத் தின்னக் குறை கூடும்.

தோட்டத்தில் இரும்பு எங்கே போகிறது? ஒரு பழைய திருடன் கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோல் வழியாக நுழைந்து, குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். நெகேட்டர் வகைப் புழு ஒன்று நாளைக்குச் சுமார் 0.03 மில்லிலீட்டர் குடிக்கும். நூறு புழு என்றால் 3 மில்லிலீட்டர். நல்ல இரத்தத்தில் மில்லிலீட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக நாளைக்கு 1.5 மில்லிகிராம் நட்டம். நாம் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளில் உறிஞ்சுவதே 1 முதல் 2 மில்லிகிராம்தான்! 1916இல் ராக்ஃபெல்லர் மன்றம் என்ற அமெரிக்க அறக்கட்டளையின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் இந்தப் புழுவை ஒழிக்கும் வேலை தொடங்கியது. தொழிலாளர்மேல் இருந்த பரிவைவிட, இரத்தமில்லாத ஆளால் மலை ஏற முடியாது என்ற கணக்கே அதில் பெரிதாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பூச்சி மருந்து புழுவைக் கவனித்துக்கொள்ளும். அப்புறம் இருப்பது பிளேன்டீ. ரொட்டியும் சம்பலும் தின்ற கையோடு குடிக்கும் தேயிலைச் சாயத்தில் உள்ள பொலிபீனோல்கள், கீரை பருப்பிலிருந்து வரும் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை வீணாக்கிவிடும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கும் அதே கதிதான். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். சம்பலில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மாத்திரையால் மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம்.

எல்லாப் பிக்காவும் இரும்பில் முடிவதில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடமும் இது உண்டு. காரணம் எதுவானாலும் ஆபத்துகள் ஒரேமாதிரிதான். மண்ணோடு வட்டப்புழு முட்டை உள்ளே போகும், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், முடியைத் தின்றால் அது வயிற்றில் உருண்டு திரண்டு அடைத்துக்கொள்ளும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய் வகைப்பாட்டில் பிக்காவோடு இன்னும் சில உண்ணல் கோளாறுகள் இருக்கின்றன. மெலிய வேண்டும் என்ற ஆசைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை, அதனாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை. இரைமீட்டல் கோளாறில், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சோறு வாய்க்குத் திரும்பி வரும். ஓங்காளமோ குமட்டலோ இருக்காது. வந்ததை மறுபடி மென்று விழுங்குவார்கள், அல்லது துப்புவார்கள். நடப்பது இதுதான்: வயிற்றுச் சுவர்த் தசைகள் தம்மையறியாமல் இறுக, இரைப்பையில் அழுத்தம் ஏறுகிறது, அதே நேரம் உணவுக்குழாயின் அடிவாய் தளர்கிறது. எதுக்களிப்பு என்று நினைத்து அமில மாத்திரையாக விழுங்கித் தள்ளுபவர்கள் உண்டு, அதனால் பெரிய பலன் இருக்காது. சாப்பிட்டதும் வயிறு மேலெழும்பும்படி ஆழமாக மூச்சு இழுத்து விடப் பழகுவதுதான் முதல் வைத்தியம். அப்படி மூச்சு விடும்போது அந்தத் தசைகளால் இறுக முடியாது. மற்றவர் முன்னால் சாப்பிடவே மறுப்பதும், பற்கள் அரிப்பதும், எடை குறைவதும் இதன் அறிகுறிகள்.

ஆர்ஃபிட் என்று சுருக்கிச் சொல்லப்படும் உணவுத் தவிர்ப்புக் கோளாறைப் பிள்ளையின் அடமாகத்தான் பார்க்கிறோம். இது வருவதற்கு மூன்று வழிகள்: உணவின் மணமோ பதமோ தாங்க முடியாமை, பசியே எடுக்காமை, பயம். கருவாட்டு முள் ஒரு தடவை தொண்டையில் சிக்கிய பிள்ளை அதற்குப் பிறகு கஞ்சியைத் தவிர எதையும் விழுங்க மறுப்பது மூன்றாவது வகை. சாதாரணமாக அது வேண்டாம் இது வேண்டாம் என்கிற பிள்ளையின் எடை ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆர்ஃபிட் பிள்ளையின் வளர்ச்சிக் கோடு கிளினிக் அட்டையில் படுத்துவிடும். மிட்வைஃபிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். ஏசி ஊட்டினால் பயம்தான் கூடும். தொட்டுப் பார்ப்பது, நக்கிப் பார்ப்பது, ஒரு பருக்கை என்று படிப்படியாகத்தான் பழக்க வேண்டும்.

கடைசியாக, 1955இல் அமெரிக்க மனநல மருத்துவர் அல்பர்ட் ஸ்டன்கார்ட் விவரித்த இரவு உண்ணல். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அன்றைய உணவில் கால் பங்காவது உள்ளே போகும். நடுராத்திரியில் எழும்பி, எதையாவது தின்றால்தான் தூக்கம் வரும் என்று பானையைத் திறப்பார்கள். விடிந்தால் பசி இருக்காது, வெறும் வயிற்றோடு பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய்விடுவார்கள். மனச்சோர்வும் கூடவே இருப்பதுண்டு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்து இதைப் பேசலாம். இப்படித் தின்பவருக்குத் தின்றது நினைவிருக்கும். பானை காலியாகி, தின்றவருக்கே அது தெரியவில்லை என்றால் அது வேறு நோய். தூக்கத்தில் நடப்பதோடு சேர்ந்தது. சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளும் அதைக் கொண்டுவரும். டொக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.