சான்றிதழ் கருவிக்கா, உங்களுக்கா?

டைவிங் கற்றுத்தரும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: "சின்ன காற்று சிலிண்டர்தானே, மூணு மீட்டருக்குக் கீழே போகமாட்டேன், இதுக்கும் கோர்ஸ் படிக்கணுமா?"

படிக்கணும். கையடக்க சிலிண்டரோ, மேலே மிதக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று தரும் ஹூக்காவோ, எதுவானாலும் சரி, தண்ணீருக்குள் அழுத்தப்பட்ட காற்றை ஒரு தடவை இழுத்துவிட்டாலே ஸ்கூபாவின் (முதுகில் காற்று சிலிண்டரோடு டைவ் பண்ணுவது) அடிப்படை ஆபத்துகள் எல்லாம் உங்களுக்கும் வந்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும், காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்து மூளைவரை போகலாம். அவ்வளவு ஆழம்கூட வேண்டாம், நீச்சல்குளத்தின் ஒன்றிரண்டு மீட்டரே போதும். மூச்சடக்கி முக்குளித்துப் பழகியவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம், ஏனென்றால் பதறும்போது பழைய பழக்கம் முந்திக்கொள்ளும், வாயை இறுக்கிக்கொண்டு மேலே பாய்ந்துவிடுவார்கள். மூச்சை விட்டுக்கொண்டே ஏறுவதைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது இதனால்தான்.

கடைக்காரர் "சர்டிஃபைட்" என்று சொன்னால் எது என்று கேளுங்கள். ஈஎன் 250 என்பது ஸ்கூபா கருவிக்கான ஐரோப்பியத் தரம். ஈஎன் 12021 உள்ளே அடைக்கும் காற்றுக்கானது. இரண்டும் இருந்தாலும் உங்களுக்கு டைவ் பண்ணத் தெரியும் என்று ஆகிவிடாது, அதற்குத் தனியாகப் பயிற்சி முடித்து அட்டை வாங்க வேண்டும். ரீபிரீத்தர் (விட்ட மூச்சையே சுத்தம் செய்து, ஆக்ஸிஜன் சேர்த்துத் திரும்பச் சுவாசிக்கத் தரும் கருவி) என்றால் சாதாரண ஸ்கூபா அட்டையும் போதாது, அந்தந்த மாடலுக்கென்றே பயிற்சி உண்டு. அதில் ஆக்ஸிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது, எந்த அறிகுறியும் தெரியாமலே மயங்கிவிடுவீர்கள்.

அந்தச் சின்ன சிலிண்டரின் கணக்கையும் பார்த்துவிடலாம். அரை லிட்டர் கொள்ளளவு, 200 பார் அழுத்தம், ஆக மொத்தம் 100 லிட்டர் காற்று. நிதானமாக இருக்கும் ஒருவருக்கே நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் தேவை, 10 மீட்டரில் அது இரட்டிப்பு, ஆக இரண்டரை முதல் மூன்று நிமிடம் சொச்சம்தான். பதறினால் அதுவும் கிடையாது. விளம்பரத்தில் போட்டிருக்கும் பத்து நிமிடத்தை நம்பி இறங்காதீர்கள்.

ஹூக்காவில் நான் முதலில் பார்ப்பது கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்பதைத்தான். எஞ்சின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தாலோ, நடுவில் காற்றின் திசை மாறினாலோ, கார்பன் மோனாக்சைடு நேராகக் கீழே இருப்பவரின் வாய்க்குப் போகும். அதற்கு வாசனை கிடையாது. ஈஎன் 12021 அனுமதிப்பது பத்து லட்சத்தில் 5 பங்குதான். அப்புறம், குழாய் மடங்கினாலும் எஞ்சின் நின்றாலும் மாற்றுக் காற்று வேண்டும், அதனால் இடுப்பில் சின்ன அவசர சிலிண்டர் இல்லாதவரை நான் இறங்க விடுவதில்லை.

மேலே வந்தபின் மூட்டுவலி, மரத்துப்போதல், நெஞ்சுவலி, தலைசுற்றல் எது இருந்தாலும் படுக்கவைத்து, ஆக்ஸிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போனதும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, "தண்ணீருக்கு அடியில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசித்தவர்" என்பதைத்தான். "நீச்சலடித்தார்" என்று மட்டும் சொன்னால் அழுத்த அறை சிகிச்சை (அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆக்ஸிஜன் கொடுப்பது) பற்றி அவருக்கு யோசனையே வராமல் போகலாம்.