பழைய இயங்குதளத்தை உலாவி ஏன் கைவிடுகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “விண்டோஸ் 7 உள்ள என் கணினி இன்றும் நன்றாக ஓடுகிறது. ஆனால் அதில் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இணையப் பக்கம் எல்லாக் கணினிக்கும் ஒன்றுதான் என்கிறார்கள். அப்படியானால் அடியில் எந்த இயங்குதளம் இருந்தால் உலாவிக்கு என்ன? புதுக் கணினி விற்பதற்கான தந்திரம்தானே இது?”

சந்தேகம் நியாயமானதுதான். விற்பனைக் கணக்குக்கு இந்தத் துறையில் இடமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த முடிவுக்குப் பின்னால் உறுதியான பொறியியல் காரணம் ஒன்று இருக்கிறது. பலரும் நினைப்பதுபோல அது படம் வரைவதிலோ வேகத்திலோ இல்லை.

முதலில் தெரிந்த பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். எச்.டி.எம்.எல்-ஐப் படிப்பது, எந்தப் பத்தி எங்கே அமர வேண்டும் என்று கணக்கிடுவது, ஜாவாஸ்கிரிப்டை இயக்குவது ஆகியவை உலாவியின் எஞ்சினுக்குள் நடக்கும் வேலைகள். குரோமுக்கும் எட்ஜுக்கும் பிளிங்க், ஃபயர்பாக்ஸுக்கு கெக்கோ, சஃபாரிக்கு வெப்கிட். இந்த நிரலின் பெரும்பகுதிக்கு அடியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பதே தெரியாது. கோப்பைத் திறப்பது, சாளரம் போடுவது, எழுத்துருவைத் தேடுவது போன்ற வேலைகளுக்குத்தான் இயங்குதளத்திடம் போக வேண்டும். அங்கே ஒவ்வொன்றும் ஒரு விதம். எழுத்துருக்களைக் கையாள விண்டோஸில் டைரக்ட்ரைட், மேக்கில் கோர்டெக்ஸ்ட், லினக்ஸில் ஃப்ரீடைப். ஆகவே கீழ்த்தளத்தை ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியே எழுதியாக வேண்டும். 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது விண்டோஸுக்கு மட்டுமே வந்தது. மேக்குக்கும் லினக்ஸுக்குமான நிலையான பதிப்புகள் 2010 மே மாதம்தான் வெளியாயின.

இதெல்லாம் உழைப்பு சார்ந்த சிக்கல். ஆள் போட்டால் முடிந்துவிடும். ஆள் போட்டாலும் தீராத சிக்கல், உலாவி தன் ஆபத்தான பகுதியை அடைத்துவைக்கும் சிறையான சாண்ட்பாக்ஸில் இருக்கிறது.

இணையப் பக்கத்தைத் திறப்பது என்றால், முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை நம் கணினியில் ஓட்டுவது என்று பொருள். அதைக் கையாளும் எஞ்சினோ பல லட்சம் வரிகள் கொண்டது; அதில் பிழை இருந்தே தீரும். ஆகவே இன்றைய உலாவிகள் எஞ்சினில் பிழையே இராது என்று நம்புவதில்லை. பக்கம் வரையும் வேலையைத் தனிச் செயல்முறையாக, அதாவது தனியே ஓடும் ஒரு நிரலாகப் பிரித்து, “இது ஒருநாள் எதிரியின் கைக்குப் போகும்” என்ற எண்ணத்தோடேயே அதன் அதிகாரங்களைப் பறித்துவிடுகின்றன. அந்தச் செயல்முறையால் உங்கள் கோப்புகளைத் திறக்க முடியாது. இணையத்தோடு நேரடியாகப் பேச முடியாது. இன்னொரு நிரலைத் தொடங்க முடியாது. எது வேண்டுமானாலும் வெளியே இருக்கும் தாய்ச் செயல்முறையிடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.

இதை லினக்ஸ் செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது.

எந்த நிரலும் தனக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் தீங்கு செய்ய முடியாது. வெளியுலகைத் தொட வேண்டுமானால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை அழைக்க வேண்டும். ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் எண் உண்டு. 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் ஓடும் லினக்ஸில் படிப்பதற்கு 0, எழுதுவதற்கு 1, கோப்பைத் திறப்பதற்கு 2. பக்கம் வரையும் செயல்முறை, எந்தப் பக்கத்தையும் தொடுவதற்கு முன்பே, ஒரு குட்டி நிரலைக் கெர்னலிடம் ஒப்படைத்து, “இனி நான் எதைக் கேட்டாலும் முதலில் இதை ஓட்டிப் பார்” என்கிறது. அதன்பின் ஒவ்வோர் அழைப்பின்போதும் கெர்னல் அந்தக் குட்டி நிரலை ஓட்டுகிறது. அது அழைப்பின் எண்ணையும் உடன்வரும் மதிப்புகளையும் பார்த்து, அனுமதி என்றோ மறுப்பு என்றோ செயல்முறையையே கொன்றுவிடு என்றோ தீர்ப்புச் சொல்கிறது. ஒருமுறை ஒப்படைத்ததைத் திரும்பப் பெற வழியே இல்லை. அந்தச் செயல்முறை பெறும் பிள்ளைச் செயல்முறைகளுக்கும் அதே கட்டுப்பாடு தொடரும். அறைக்குள் நுழைந்து, உள்ளிருந்தே பூட்டிக்கொண்டு, சாவியைச் சன்னல் வழியே வெளியே எறிந்துவிடுவதைப் போன்றது இது. பிறகு அந்த அறையைக் கைப்பற்றுபவனிடம் சாவி இராது.

அந்தக் குட்டி நிரலுக்கும் விதிகள் உண்டு. பின்னோக்கித் தாவக் கூடாது. ஆகவே அதில் சுழல் இருக்க முடியாது. கட்டாயம் முடிவுக்கு வரும். 4096 கட்டளைகளுக்கு மேல் போகக் கூடாது. இவற்றைவிட நுட்பமான விதி இன்னொன்று: அது நினைவகத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது. கோப்பைத் திறக்கும் அழைப்பில் கோப்பின் பெயர் நேரடியாக வருவதில்லை. பெயர் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் வருகிறது. குட்டி நிரலுக்கு அந்த முகவரி தெரியும், பெயர் தெரியாது. முதலில் படிக்கும்போது இது குறையாகத்தான் படும். ஆனால் பெயரைப் பார்க்க அனுமதித்தால் என்ன ஆகும்? தீங்கற்ற பெயர் ஒன்றைக் காட்டி அனுமதி பெற்று, கெர்னல் உண்மையில் கோப்பைத் திறப்பதற்குள் இருக்கும் மிகக் குறுகிய இடைவெளியில், அதே செயல்முறைக்குள் இணையாக ஓடும் இன்னோர் இழை அதே இடத்தில் வேறு பெயரை எழுதிவிடலாம். பார்த்தது ஒன்று, திறந்தது வேறு. அந்த ஏமாற்றுக்கு இடம் கொடுக்காமலிருக்கவே பார்வை மறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே திறக்கும் அழைப்பையே முழுதாக மறுத்துவிட்டு, தாய்ச் செயல்முறையிடம் அனுப்புகிறார்கள். அது பெயரைத் தன் சொந்த நினைவகத்துக்குப் பெற்று, சரிபார்த்து, தானே திறந்து, திறந்த கோப்பின் பிடியை மட்டும் உள்ளே கொடுக்கிறது.

இந்த வசதி 2012-இல் லினக்ஸ் 3.5 கெர்னலில் சேர்ந்தது. ஆனால் அந்தக் குட்டி நிரல்களை எழுதும் மொழி அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டு மூத்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் 1990-களின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார்கள். வலையமைப்பில் ஓடும் தரவுப் பொட்டலங்களில் வேண்டியதை மட்டும் விரைவாகச் சலித்தெடுப்பதுதான் அவர்கள் நோக்கம். கெர்னலுக்குள் அயலாரின் நிரலை ஆபத்தின்றி ஓட்டுவது எப்படி என்று அவர்கள் அப்போது கண்ட விடை, இணைய உலாவிகளே பரவியிராத காலத்தில் கண்ட விடை, இன்று உலாவியின் பூட்டாகியிருக்கிறது. அது மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் ஆய்வகம். “இந்த ஆராய்ச்சியால் மூன்றாண்டுக்குள் என்ன பயன்?” என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் நிதிக்குழுக்கள்மீது எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. மெக்கேனும் ஜேக்கப்சனும் உலாவிப் பாதுகாப்பு என்ற பயனை எந்தப் படிவத்தில் எழுதியிருக்க முடியும்?

விண்டோஸின் வழி வேறு. அங்கே செயல்முறையின் அடையாளச் சீட்டிலிருந்தே உரிமைகளை உரித்தெடுக்கிறார்கள். தொடக்கத்தில் நூலகங்களை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்புகளை, ஏற்றுவதற்குத் தேவையான அளவுக்குச் சற்று வலுவான சீட்டு தரப்படும். அந்த வேலை முடிந்ததும் செயல்முறை அதைத் துறந்துவிடும். ஆனால் சாளரம், எழுத்து, வரைகலை ஆகியவற்றைக் கவனிக்கும் ஒரு பெரும்பகுதி விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதில் பாதுகாப்பு ஓட்டைகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பகுதிக்கான அழைப்புகளை ஒரு செயல்முறைக்கு ஒட்டுமொத்தமாக அடைத்துவிடும் வசதி விண்டோஸ் 8-இல்தான் வந்தது. விண்டோஸ் 7-இல் அடைப்பதற்குக் கதவே வைக்கப்படவில்லை. உலாவியை எழுதுபவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், இயங்குதளம் தராத பூட்டை அவர்களால் வெளியிலிருந்து மாட்ட முடியாது.

வாசகரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சாண்ட்பாக்ஸின் சுவர் உலாவிக்குச் சொந்தமானதன்று, அது கெர்னல். கெர்னலில் ஓட்டை விழுந்து, அதை அடைக்க ஆளில்லை என்றால், எத்தனை புதிய உலாவியாக இருந்தாலும் அதன் சிறைக்குள் இருப்பவன் சுவர் வழியே வெளியேறிவிடுவான். விண்டோஸ் 7-க்குக் கட்டணத்தோடு கிடைத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2023 ஜனவரியில் முடிந்தன. அடுத்த மாதம் வந்த குரோம் 110 அந்த இயங்குதளத்தை விட்டது. ஃபயர்பாக்ஸ் தன் 115-ஆம் நீண்டகால ஆதரவுப் பதிப்பில் விண்டோஸ் 7-க்குத் தொடர்ந்து திருத்தங்கள் தந்தது. அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அதுவும் அடைப்பது உலாவியின் ஓட்டைகளைத்தான், கெர்னலின் ஓட்டைகளை அன்று. “இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே” என்று பழைய பதிப்பிலேயே வங்கிக் கணக்கைத் திறப்பவர்கள் எதை நம்பித் திறக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த இறுக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. இயங்குதளம் முன்னேறினாலும் உலாவி உடையலாம். 2021-இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.34-ஆம் பதிப்பு, புதிய இழைகளைத் தொடங்க வேறோர் அழைப்பைப் பயன்படுத்தத் தொடங்கியது. குரோமின் அடித்தளமான குரோமியத்தின் குட்டி நிரலுக்கு அந்த எண்ணை அனுமதிக்கத் தெரியாது; அதனால் உலாவி உடைந்தது. “இப்படி ஓர் அழைப்பே இங்கே இல்லை” என்று பதில் வந்தால் நூலகம் பழைய வழிக்குத் திரும்பிவிடும். அந்தப் பதிலைச் சொல்லும்படி சாண்ட்பாக்ஸைத் திருத்திய பிறகுதான் சிக்கல் தீர்ந்தது.

சில இணையத்தளங்கள் வேறொரு காரணத்துக்காகப் பழைய கணினிகளைத் திருப்பியனுப்புகின்றன. உலாவி தன்னைப் பற்றி அனுப்பும் அறிமுக வரியில் இயங்குதளத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, பக்கம் ஓடுமா என்று சோதிக்காமலேயே கதவைச் சாத்துகின்றன. அந்த வரியை நம்புவது தவறு. விண்டோஸ் 11-இல் ஓடும் குரோம்கூட அதில் விண்டோஸ் 10 என்றுதான் சொல்கிறது. தேவையான வசதி உலாவியில் இருக்கிறதா என்று நேரடியாகச் சோதிப்பதே சரியான முறை.

வாசகர் உடனே புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. முதலில் செயலி 64 பிட் வகையா என்று பார்க்கவும். 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. 64 பிட் என்றால், கோப்புகளை வேறோரிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, இப்போதும் திருத்தங்கள் வெளிவரும் லினக்ஸ் வெளியீடு ஒன்றை நிறுவலாம். அதே வன்பொருள், புதிய கெர்னல். நிறுவியபின் ஃபயர்பாக்ஸின் உதவிப் பட்டியலில் சிக்கல் தீர்வுக்கான தகவல் பக்கத்தைத் திறந்து, சாண்ட்பாக்ஸ் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். செக்காம்ப்-பிபிஎஃப் என்ற வரிக்கு எதிரே ‘ஆம்’ என்ற பொருளில் குறிப்பு இருந்தால், மேலே சொன்ன குட்டி நிரல் உங்கள் கணினியில் வேலையில் இருக்கிறது.