பறக்கும் குண்டு ஏன் கரணம் அடிப்பதில்லை?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அதிலிருந்து துப்பாக்கி சுடுதல் பற்றி நிறையக் கேள்விகள் வருகின்றன. ரைஃபிள் கிளப்பில் பயிற்சி எடுக்கும் கல்லூரி மாணவி ஒருவரின் கேள்வி இது: "எங்கள் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குல) ரைஃபிளில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அமெரிக்க ராணுவத்தின் எம்16 துப்பாக்கிக் குழலும் கிட்டத்தட்ட அதே விட்டம்தான், ஆனால் அதில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டின் எடை கூடுதல் என்பதாலா?"

எடைதான் என்று கடைக்காரர்கூடச் சொல்வார். பெட்டியில் அச்சிட்டிருப்பதும் எடைதான், அதுவும் கிரெயின் கணக்கில். நம் ஆசாரிகள் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்த மாதிரி, தானிய மணியை வைத்து வந்த அளவு அது. ஒரு கிரெயின் 0.065 கிராம். ஆனால் குழலின் புரியை, அதாவது எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதை, தீர்மானிப்பது குண்டின் எடை இல்லை, நீளம்.

அடிப்படை தெரிந்ததுதான். குழலின் உட்சுவரில் மரை மாதிரி சுருண்டு போகும் பள்ளங்கள் வெட்டியிருக்கும். குண்டு அதில் கடித்துக்கொண்டு, திருகியபடி வெளியே வரும். 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்த குழலில் விநாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் விநாடிக்கு 800 சுற்று. எம்16 குழலில் 5,000 சுற்றைத் தாண்டும், அதாவது நிமிடத்துக்கு மூன்று லட்சம். வீட்டு மிக்ஸி முழு வேகத்தில் 20,000 சுற்றுதான்.

இவ்வளவு சுழற்சி எதற்கு? அம்புக்குப் பின்னால் இறகு இருக்கிறது. அம்பு கொஞ்சம் திரும்பினாலும் காற்று வாலைப் பிடித்துத் தள்ளி நேராக்கிவிடும். குண்டுக்கு வால் கிடையாது. அதன் கனம் பின்பக்கம், மூக்கு கூர்மை. காற்றின் தள்ளல் மொத்தமும் ஒரே புள்ளியில் விழுவதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி எடை மையத்துக்கு முன்னால் இருக்கும். அதனால் மூக்கு ஒரு மயிரிழை தூக்கினால் போதும், காற்று அதை மேலும் தூக்கும். அப்புறம் குட்டிக்கரணம்தான். அப்படிப் புரண்டு போன குண்டு இலக்குத் தாளில் வட்டமாகத் துளைக்காது, நீளவாக்கில் கிழிக்கும். சுடுபவர்கள் அதைக் கீ ஹோல் என்பார்கள்.

சுழற்சி இதை எப்படித் தடுக்கிறது? "சுழலும் பொருள் தன் அச்சை விடாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரி போதாது. சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனையையும் இரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மேல்விளிம்பு உங்களைவிட்டு முன்னால் ஓடுகிற மாதிரி யாரையாவது வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது சக்கரத்தை இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். அது சாயாது. யாரோ உள்ளே இருந்து ஹேண்டில்பாரைத் திருப்பின மாதிரி இடப்பக்கம் திரும்பும். முதல் தடவை கை பதறிவிடும்.

நடப்பது இதுதான். சாய்க்கும்போது விளிம்பின் மேல்துண்டை நீங்கள் இடப்பக்கம் தள்ளுகிறீர்கள். தள்ளலை வாங்கிக்கொண்ட துண்டு அங்கேயே நிற்பதில்லை, முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் நகரத் தொடங்கி, அந்த நகர்வு கண்ணுக்குத் தெரிவதற்குள் அது கால் சுற்று தாண்டி முன்விளிம்புக்கு வந்துவிடுகிறது. ஆகவே இடப்பக்கம் போவது மேல்விளிம்பு இல்லை, முன்விளிம்பு. கீழே வலப்பக்கம் தள்ளப்பட்ட துண்டும் அதே மாதிரி பின்னால் போய் வலப்பக்கம் விலகுகிறது. தள்ளியது ஓர் இடம், விளைந்தது கால் சுற்று தள்ளி.

இதை அப்படியே குண்டுக்குப் போடுங்கள். வலஞ்சுழியாகச் சுற்றும் குண்டின் மூக்கைக் காற்று மேலே தூக்குகிறது, மூக்கு வலப்பக்கம் போகிறது. இப்போது காற்று வலப்பக்கம் தள்ளுகிறது, மூக்கு கீழே இறங்குகிறது. கீழே தள்ளினால் இடப்பக்கம், இடப்பக்கம் தள்ளினால் மேலே. கவிழ்க்க வந்த காற்றே மூக்கைச் சின்ன வட்டத்தில் சுற்றிக் கூட்டிப்போகிறது! பம்பரம் விழாமல் தலையாட்டுவதும் இதே கணக்குதான். எத்தனை வருஷமானாலும் எனக்கு இதில் ஆச்சரியம் தீரவில்லை.

சுழற்சி போதாமல் போனால்? மூக்கு வட்டத்தைச் சுற்றி வருவதற்குள் காற்று அதைக் கவிழ்த்துவிடும். எனவே இது சுழற்சிக்கும் காற்றின் தள்ளலுக்கும் நடுவே நடக்கும் போட்டி. வெடிமருந்தைக் கூட்டி வேகத்தை ஏற்றினால் சரியாகிவிடுமா என்றால், பெரும்பாலும் ஆகாது. அதே குழலில் வேகம் கூடினால் சுழற்சியின் பிடி வேகத்தின் வர்க்கத்தில் கூடும், காற்றின் தள்ளலும் அதே வர்க்கத்தில் கூடும்.

காற்றின் அடர்த்தி மாறினால் கதை வேறு. எம்16 துப்பாக்கிக்கு ஆரம்பத்தில் 14 அங்குலப் புரிதான். ஆர்க்டிக் குளிரில் குண்டுகள் நிலைகுலைந்தன, 1963இல் 12 அங்குலமாக்கினார்கள். மைனஸ் 50 டிகிரி காற்று 15 டிகிரிக் காற்றைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் அடர்த்தியானது. மயிரிழையில் நின்றுகொண்டிருந்த குண்டுக்கு அதுவே போதும்.

நீளத்துக்கு வருவோம். குண்டு நீண்டால் காற்று பிடித்துத் தள்ளும் நெம்புகோலும் நீள்கிறது, ஒருமுறை கவிழத் தொடங்கிய உடலைத் திருப்புவதும் கடினமாகிறது. இங்கிலாந்தின் வூல்விச்சில் பீரங்கி அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் 1879இல் இதை ஒரே வரியில் தந்தார்: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கான தூரம். விநாடிக்கு 850 மீட்டரைத் தாண்டும் குண்டுக்கு 150க்குப் பதில் 180 போடுவார்கள்.

எம்16 குண்டு அந்த வேகத்தைத் தாண்டும், அதனால் 180 போட்டுப் பார்க்கலாம். விட்டம் 5.69 மி.மீ. பழைய 55 கிரெயின் குண்டின் நீளம் சுமார் 19 மி.மீ., கணக்கு 12 அங்குலம் என்கிறது. 1980களில் வந்த 62 கிரெயின் குண்டு 23 மி.மீ., விடை 10. அப்படியானால் ராணுவம் ஏன் 7க்குப் போனது? கூடவே வந்த ஒளிரும் குண்டால்தான். இரவில் பாதை தெரிய அதன் வாலில் எரியும் ரசாயனம் அடைத்திருப்பார்கள். எடை 64 கிரெயின், வெறும் இரண்டு கிரெயின் கூடுதல். ஆனால் ரசாயனம் ஈயத்தைவிட லேசு, அதனால் நீளம் 29 மி.மீ. ஆகிவிட்டது. விடை 8 அங்குலத்துக்கும் கீழே. எடை ஏறக்குறைய ஒன்றே, புரி வேறு.

கலிபோர்னியாவில் இதே கணக்கு இன்னொரு காரணத்துக்காக வந்து நின்றது. அங்குள்ள காண்டார் பிணந்தின்னிக் கழுகுகள், வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலோடு ஈயத் துணுக்கையும் விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன. 1987இல் எஞ்சியிருந்த காட்டுப் பறவை எல்லாவற்றையும் பிடித்து வளர்க்க வேண்டிய நிலை. 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்பின் அடர்த்தி 8.9, ஈயத்துக்கு 11.3. அதே எடையில் செம்புக் குண்டு நீண்டுவிடும், பழைய குழல் அதை நிலைநிறுத்தாமல் போகலாம். கழுகின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் குண்டிலிருந்துதான் வந்தது என்று ஐசோடோப் விகிதத்தை வைத்துக் காட்டியவர்கள், வருஷக்கணக்கில் ரத்தம் எடுத்து அளந்துகொண்டே இருந்தவர்கள். அந்த மாதிரி பொறுமையான வேலைக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் துறையின் மூதாதை ஒருவர் நம் மண்ணில் இறந்தவர். ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ், உருண்டைக் குண்டு ஏன் வளைந்து போகிறது என்று காட்ட ஒரு துப்பாக்கிக் குழலின் வாயை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், போகப் போக வலப்பக்கம் திரும்பியது. குழலில் உருண்டதால் ஏற்பட்ட சுழற்சிதான் காரணம். 1747இல் புரி வெட்டிய சுரிகுழல் துப்பாக்கி பற்றி எழுதியபோது, இதைப் புரிந்துகொள்ளும் நாட்டுக்குப் பெரிய வலிமை கிடைக்கும் என்றார். அவர் நாட்டு ராணுவமே காலாட்படை முழுவதற்கும் அதைக் கொடுக்க நூறு வருஷம் எடுத்துக்கொண்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்தவர், 1751 ஜூலையில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். கடலூர் மாணவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட மாணவிக்கு ஒரு வேலை. பயிற்சியாளர் அனுமதியோடு, தோட்டா இல்லாத ரைஃபிளில், துப்புரவுக் கம்பியின் நுனியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளுங்கள். கம்பியின் மேல்பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். கம்பி புரியோடு சேர்ந்து சுழலும். புள்ளி மறுபடி மேலே வரும்போது எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள். உங்கள் ஈயக் குண்டு, உறைக்குள் மறைந்திருக்கும் பகுதியும் சேர்த்துச் சுமார் 12 மி.மீ. நீளம், அதற்காகத் தோட்டாவைக் கழற்ற வேண்டாம். 5.69இன் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 405 மி.மீ. வரும். 16 அங்குலம் என்பது 406.