ஏன் வெட்டவில்லை?

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் சிக்கிள் செல் ரத்தசோகை. அதற்கான டிஎன்ஏ பரிசோதனை என் அன்றாட வேலை. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்தக் குறைபாடு இருப்பது 1952-லேயே தெரியவந்தது. கணவன், மனைவி இருவரும் கேரியர் (பழுதான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்) என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோரோ நல்ல ஆரோக்கியமாகவே இருப்பார்கள். அதனால்தான் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கருவின் டிஎன்ஏவைப் பார்த்துவிடச் சொல்கிறோம்.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில், டிஎன்ஏ எழுத்துகளில் ஜிஏஜி (GAG) என்று இருக்க வேண்டியது ஜிடிஜி ஆகிவிடுகிறது. ஒரே ஓர் எழுத்துதான். டிஎன்ஏவைக் குறிப்பிட்ட எழுத்து வரிசையில் மட்டும் வெட்டும் எம்எஸ்டி-2 என்ற ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் அந்த இடத்தில் சிசிடிஜிஏஜிஜி என்ற வரிசையைக் கண்டால் வெட்டும். ஏ போய் டி வந்திருந்தால் தொடாது. நுழையும் வைரஸின் டிஎன்ஏவைத் துண்டாட பாக்டீரியா வைத்திருக்கும் ஆயுதம்தான் இந்த வகை என்சைம். தன் டிஎன்ஏவில் அதே வரிசை வரும் இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதிக் குழுவை ஒட்டிக் காத்துக்கொள்ளும்.

1982-ல் இந்தப் பரிசோதனை வந்தபோது, சரியான மரபணு வெட்டுப்பட்டு சுமார் 1150 எழுத்து நீளத் துண்டாகவும், நோயுள்ளது வெட்டுப்படாமல் 1350 ஆகவும் தெரிந்தது. கேரியருக்கு இரண்டும் இருக்கும். இப்போது பிசிஆர் என்ற முறையில் அந்த டிஎன்ஏ பகுதியைப் பல பிரதிகளாகப் பெருக்கிவிட்டு வெட்டுகிறோம், அடிப்படை அதேதான்.

சரி, என்சைமே வேலை செய்யாவிட்டால்? நார்மல் மரபணு அரைகுறையாக வெட்டுப்பட்டால் கேரியர் போலத் தெரியும்; வெட்டே விழாவிட்டால் நோய் போலத் தெரியும். ஒருமுறை, வெட்டிய துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லை விளக்கில் வைத்துப் பார்த்தேன். நார்மல் என்று உறுதியாகத் தெரிந்த கண்ட்ரோல் மாதிரியிலேயே (ஒப்பிட்டுப் பார்க்க வைப்பது), இருக்கக் கூடாத மேல் பேண்ட், அதாவது வெட்டுப்படாத நீளத் துண்டின் கோடு, மங்கலாக நின்றது. வயிறு கலங்கிவிட்டது. என்சைம் கிளிசரால் கலந்து வரும், தேன் போலக் கனம். நான் சரியாகக் கலக்காததால் டியூபின் அடியில் போய்த் தங்கிவிட்டது. அன்றைய மாதிரிகள் அத்தனையும் மறுபடி ஓட்டினோம். ஒரு கர்ப்பிணிக்கு ரிப்போர்ட் இரண்டு நாள் தள்ளிப்போனது. அவர் வீட்டில் அந்த இரண்டு நாளும் எப்படிப் போயிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஜெல்லை நம்பி எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட ரிப்போர்ட் வாங்கும்போது, கண்ட்ரோல் மாதிரி முழுதாக வெட்டுப்பட்டதா, பெற்றோர் இருவர் மாதிரியும் கூடவே ஓட்டப்பட்டதா என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், ஜெல் படத்தையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.